டின் எப்போது தகரம் ஆகிறது?

ஈயச்சொம்பில் ரசம் வைக்கிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. அந்தச் சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. 232 பாகை செல்சியஸிலேயே வெள்ளீயம் உருகிவிடும் என்பதால், உள்ளே ரசமோ தண்ணீரோ இல்லாமல் சொம்பை அடுப்பில் ஏற்ற மாட்டார்கள். ஆங்கிலேயர் ‘டின்’ என்று சொல்லும் உலோகம் இதுதான். ஆனால் இதைத் தகரம் என்று நாம் யாரும் சொல்வதில்லை. நாம் தகரம் என்று சொல்வதெல்லாம் இரும்பு! தகரப் பெட்டி இரும்பு. தகரக் கூரையும் இரும்புதான், அதன் மேல் பூசியிருப்பது துத்தநாகம்.

சொல் எங்கோ இடம் மாறியிருக்கிறது. அகராதியில் தகரத்துக்கு வெள்ளீயம் என்ற பொருள் இன்றும் இருக்கிறது. மலையாளத்தில் தகரம், கன்னடத்தில் தகர, தெலுங்கில் தகரமு எனத் தென்மொழிகள் நான்கும் இந்த உலோகத்தை ஒரே பெயரால் அழைத்திருக்கின்றன. அகில், ஆரத்தோடு சேர்த்து ஐந்து விரைகளில் ஒன்றாகப் பழைய உரைகள் எண்ணும் தகரம் வேறு. அது நறுமணப் பொருள். எழுத்து ஒன்றாக இருப்பதால் இரண்டையும் ஒரு வேரில் கட்டிவிடக் கூடாது.

உலோகத்தின் பெயர் இரும்புக்கு வந்து சேரக் காரணம் ஒரு பூச்சு. மெல்லிய இரும்புத் தகட்டில் வெள்ளீயம் பூசினால் துரு அண்டாது, உணவும் கெடாது. 1810இல் பீட்டர் டுராண்ட் இத்தகைய கலத்துக்கு இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். 1813இல் பிரையன் டான்கின் லண்டனில் தொழிற்சாலை வைத்து, இறைச்சியை அதில் அடைத்துக் கடற்படைக்குக் கொடுத்தார். நம் ஊர்களுக்கு இந்தப் பொருளைப் பெருமளவில் கொண்டுவந்து சேர்த்தது மண்ணெண்ணெய். சதுர வடிவில் ஏறக்குறைய 18 லிட்டர் பிடிக்கும் டின்களில் அது கப்பலில் வந்து இறங்கியது. அந்த டின்களுக்கான தகட்டை இங்கேயே செய்வதற்காக ஜம்ஷெட்பூரின் கோல்முரியில் ஆலை வைக்க 1920இல் ஒரு நிறுவனமே தொடங்கப்பட்டது. விருதுநகர்ச் சந்தை நிலவரத்தில் கடலை எண்ணெய்க்கும் பாமாயிலுக்கும் இன்றும் 15 கிலோ டின் கணக்கில்தானே விலை போடுகிறார்கள்.

பொருளோடு டின் என்ற பெயரும் வந்தது. வந்த சொல் பழைய சொல்லைத் தள்ளிவிடவில்லை. இரண்டும் வேலையைப் பிரித்துக்கொண்டன. எண்ணெய் இருக்கும்வரை அது டின். காலியானாலும் டின்தான். கத்திரி போட்டு வெட்டி விரித்ததும் தகரம். கலத்துக்கு ஒரு பெயர், அதை உரித்தால் கிடைக்கும் தகட்டுக்கு இன்னொரு பெயர். இந்தப் பாகுபாட்டை எந்த இலக்கண ஆசிரியரும் வகுக்கவில்லை. காலி டின்னை விலைக்கு வாங்கி வெட்டி வேலை செய்தவர்களின் பேச்சில் உருவானது அது என்றே நான் நினைக்கிறேன்.

அவர்கள் செய்த மண்ணெண்ணெய் விளக்கு ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். அடிப்பாகம் பால் டின்னாகவோ மருந்து டப்பாவாகவோ இருக்கும். திரி போகும் குழாய், கம்பியில் சுற்றி உருட்டிய ஒரு துண்டுத் தகரம். பிடியின் இரு ஓரமும் உள்ளே மடித்துத் தட்டப்பட்டிருக்கும். வெட்டிய விளிம்பு கையைக் கிழிக்காமலிருக்க அந்த மடிப்பு. மூட்டில் நவச்சாரம் தேய்த்து, சூட்டுக்கோலால் ஈயத்தை இழுத்துப் பற்றவைப்பார்கள். வண்ணம் அச்சிட்ட பக்கமென்றால் முதலில் சுரண்டியாக வேண்டும். உள்ளே பளபளக்கும் வெள்ளீயப் பூச்சில் ஈயம் உடனே ஓடிப் பிடிக்கும்; வெற்று இரும்பில் அவ்வளவு எளிதில் பிடிக்காது. தகரம் என்ற சொல்லின் பழைய பொருள் அந்த மெல்லிய பூச்சில்தான் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறது.

திருவிழாக் கடைகளில் தண்ணீர்த் தொட்டியில் ‘டப டப’வென்று ஓடுமே ஒரு படகு, அதுவும் தகர வேலைதான். உள்ளே சின்னக் கொதிகலம், பின்னால் இரண்டு குழாய். எண்ணெய்த் திரியின் சூட்டில் நீராவி தண்ணீரை வெளியே தள்ளும்; குளிர்ந்ததும் திரும்ப இழுக்கும். மேலே ஒட்டிய மெல்லிய தகடு புடைத்து அமுங்குவதால் அந்தச் சத்தம். பழைய டின்னில் செய்த படகைக் கவிழ்த்தால் ஏதோ ஒரு பிஸ்கட்டின் பெயரில் பாதி உள்பக்கம் தெரியும். அப்படிப்பட்ட படகு எனக்குப் புதுத் தகட்டில் செய்ததைவிட அழகு.

பெயர் வைப்பதில் இலங்கைத் தமிழர் வேறு வழியில் போனார்கள். யாழ்ப்பாணத்தில் அண்ணாந்து குடிப்பதற்கு மூக்கு வைத்த உலோகக் குவளை, மூக்குப் பேணி. தகர டின் வந்தபோது தங்களிடம் இருந்த பேணியையே அதற்கும் பெயராக்கினார்கள். பால்பேணி அப்படிப் பிறந்தது. காலிப் பேணிகளை அடுக்கிப் பந்தால் அடிக்கும் சிறுவர் விளையாட்டுக்குப் பேணிப்பந்து என்று பெயர். தமிழ்நாட்டில் நாம் இந்தியிலிருந்து டப்பாவை எடுத்துக்கொண்டோம். பழைய பேருந்தைத் திட்டவும் அதையே வைத்துக்கொண்டோம். தகர வேலையை மதிப்பவன் என்ற முறையில் அந்த வசவு எனக்குப் பிடிக்காது.

இப்போது டின்னில் வரும் பானங்களுக்குப் பெரும்பாலும் அலுமினியக் கலம். பெயர் டின், உள்ளே வெள்ளீயமும் இல்லை, இரும்பும் இல்லை. வீட்டுக் கத்திரியே அதை வெட்டிவிடும். ஆனால் காற்றுப் பட்டதும் அலுமினியத்தின் மேல் ஆக்சைடு படலம் படிந்துவிடுவதால், தகர வேலைக்காரரின் ஈயம் அதில் ஒட்டாது. அதனால் அதில் பூவோ விளக்கு மூடியோ செய்கிறவர்கள் விளிம்பை விளிம்பில் கோத்து மடிக்கிறார்கள், இல்லையென்றால் ஆணி வைத்து அடிக்கிறார்கள். அந்தத் துண்டுகளைத் தகரம் என்று அவர்கள் சொல்வதில்லை, அலுமினியத் தகடு என்றே சொல்கிறார்கள்.