வியாழன் என்னும் கடிகாரம்: முத்துக்குளித்துறைக் கரையும் தொலைநோக்கியும்

தூத்துக்குடிக் கடலில் முத்துச் சிப்பி படியும் திட்டுகளைப் பார் என்பார்கள். தோலாயிரம் பார் போலப் பேர்பெற்ற பல பார்கள் கரையிலிருந்து பத்து, இருபது கிலோமீட்டருக்குள் நீரடியில் கிடக்கின்றன. கரையில் தெரியும் கோபுரத்தையும் பனங்கூட்டத்தையும் ஒன்றோடொன்று நேர்வைத்து இடம் கண்டுகொண்ட தோணிக்காரர்களுக்கு வரைபடம் தேவைப்படவில்லை. 1658இல் போர்த்துக்கீசியரிடமிருந்து இத்துறையைப் பறித்த டச்சுக்காரருக்கும், பின்வந்த ஆங்கிலேயருக்கும் அது தேவைப்பட்டது. வரைபடம் என்றால் அட்சரேகையும் தீர்க்கரேகையும் வேண்டும். முன்னது துருவ மீனின் உயரத்தையோ உச்சிவெயிலையோ அளந்தால் கிடைத்துவிடும். பின்னதுதான் தொல்லை.

பூமி நான்கு நிமிடத்துக்கு ஒரு பாகை சுழல்கிறது. ஆகவே இரண்டு ஊர்களின் தீர்க்கரேகை வேறுபாடு என்பது அவற்றின் சூரிய நேர வேறுபாடே. தூத்துக்குடியின் அட்சரேகையில் ஒரு பாகை ஏறக்குறைய 110 கிலோமீட்டர். நேரத்தில் ஒரே ஒரு நிமிடம் பிழைத்தால் வரைபடம் 27 கிலோமீட்டர் நகர்ந்துவிடும்; சிப்பிப் பார் கரையேறி உப்பளத்துக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும்! தமிழகக் கரையில் தொலைநோக்கியின் வரலாற்றை இந்தக் கணக்கிலிருந்து தொடங்குவதே சரி. இங்கே கோள்கள் முதலில் கடிகாரமாகத்தான் பார்க்கப்பட்டன. அவற்றைக் கோள்களாகவே பார்க்கும் வழக்கம் பிந்தி வந்தது.

கடிகாரம் வியாழன். 1610இல் கலிலியோ கண்ட அதன் நான்கு நிலாக்களில் உள்ளே சுற்றுவது அயோ. நாற்பத்திரண்டரை மணி நேரத்தில் ஒரு சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் அது வியாழனின் நிழலுக்குள் புகுந்து மறையும். அந்த மறைவு உலகெங்கும் ஒரே கணத்தில் தெரிவது. வானியலர் கஸ்ஸீனி 1668இல் இதற்கு அட்டவணை வெளியிட்டார். பாரிசிலோ கிரீனிச்சிலோ அது எத்தனை மணிக்கு, இங்கே எத்தனை மணிக்கு என்று ஒப்பிட்டால் தீர்க்கரேகை கையில். ஆடும் கப்பல் தளத்தில் மட்டும் இது நடக்கவில்லை. 1763-64இல் பார்படோஸ் பயணத்தில் ஆங்கில வானியலர் மாஸ்கலின் தொங்கு நாற்காலி ஒன்றில் அமர்ந்து முயன்றும் பலிக்கவில்லை. கடலை அளக்க நிலத்தில் அசையாத ஓர் இடம் வேண்டியிருந்தது.

அந்த இடம் சென்னையில் அமைந்தது. வில்லியம் பெற்றி 1786இல் எழும்பூரில் சொந்தமாக வைத்திருந்த ஆய்வகத்தைக் கிழக்கிந்தியக் கம்பெனி எடுத்துக்கொண்டு, 1792இல் நுங்கம்பாக்கத்தில் கட்டடம் எழுப்பியது. முன்னின்றவர் கடற்கரை அளவையாளரான மைக்கேல் டாப்பிங் என்பது தற்செயல் அல்ல. கருவி தாங்கிய கருங்கல் தூண், தமிழ் உட்படப் பல மொழிக் கல்வெட்டோடு இன்றும் அங்கே நிற்கிறது. டாப்பிங்குக்குப் பின் பொறுப்பேற்ற கோல்டிங்ஹாம் ஆண்டுக்கணக்காக வியாழ நிலாக்களின் கிரகணங்களைக் குறித்து, 1808இல் இலண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வெளியிட்டார். சென்னையின் தீர்க்கரேகை இப்படித் திரண்டது. நில அளவையாளர் லாம்டன் 1802இல் பரங்கிமலை அருகே தொடங்கிய முக்கோண அளவை, 1809க்குள் குமரிமுனை அருகிலுள்ள புன்னை வரை இறங்கியது. தெற்கத்தி ஊர்களின் தீர்க்கரேகை சென்னையை மூலமாகக் கொண்டு கணிக்கப்பட்டது. தூத்துக்குடி வரைபடத்தில் ஓரிடத்தில் நிலைத்ததற்கு நுங்கம்பாக்கத்தில் மங்கி மறைந்த அயோவுக்கும் பங்குண்டு.

இதன் நீட்சியை ரயில் நிலையத்தில் பார்க்கலாம். 1876இல் ரயில் தூத்துக்குடியை எட்டியபோது நிலையக் கடிகாரம் ஓடியது சென்னை ஆய்வக நேரத்தில். ஊரின் சூரிய நேரமோ அதைவிட ஏறக்குறைய எட்டரை நிமிடம் பின்தங்கியது. கொழும்புக் கப்பலைப் பிடிக்க வந்தவர்கள் எந்த மணியை நம்பினார்களோ!

கடிகார வேலை தவிர வேறு பார்வையே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. 1689 டிசம்பரில் புதுச்சேரியில் வால்மீனைத் தொலைநோக்கியால் பின்தொடர்ந்த இயேசு சபைத் துறவி ரிஷோ, ஆல்ஃபா சென்டாரி இரட்டை விண்மீன் என்று கண்டார். பாரிசின் அடிவானத்துக்கு மேல் எழவே எழாத மீன் அது. தென்கரையின் அனுகூலம் கோள்களுக்கும் பொருந்தும்: தனுசு ராசியில் நிற்கும் கோள் இலண்டனில் பதினைந்து பாகைதான் உயரும், தூத்துக்குடியிலோ ஐம்பத்தெட்டு. காற்றின் கலக்கம் அந்த அளவுக்குக் குறையும்.

கப்பல்களில் காலமானி பரவியபின் வியாழனுக்குக் கடிகார வேலை குறைந்தது; கோள்களைக் கோள்களாகவே பார்ப்பது வளர்ந்தது. 1852இல் சென்னை ஆய்வகப் பொறுப்பிலிருந்த கேப்டன் ஜேக்கப் சனியின் மங்கலான உள்வளையம் ஒளி ஊடுருவக்கூடியது என்று கண்டார். கோளின் விளிம்பு அதன் வழியே தெரிந்தது. பின்னர் அப்பொறுப்புக்கு வந்த போக்சன், 1861 ஏப்ரலில் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்து, ஆசியக் கண்டத்திலிருந்து காணப்பட்ட முதலாவது என்பதால் ஆசியா என்றே பெயரிட்டார். அவரிடம் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி மாறொளி மீன் ஒன்றைக் கண்டதோடு, 1874இல் வெள்ளி சூரியனுக்குக் குறுக்கே கடந்ததைப் பொதுமக்களுக்கு விளக்கித் தமிழிலும் நூல் எழுதினார். கண்ணாடிக் குழாய்க்குள் தெரிவதைச் சொந்த மக்களுக்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்ததால், இந்த வரிசையில் எனக்கு முக்கியமானவர் அவரே.

நூறாண்டு கழித்து முறை தலைகீழானது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை மறைக்கவிருந்தது. காவலூர் வானியல் ஆய்வகத்தில் 1 மீட்டர் தொலைநோக்கியோடு பட்டாச்சாரியாவும் குப்புசாமியும் விண்மீனின் ஒளியை நொடி பிசகாமல் பதிவு செய்தார்கள். எதிர்பாராத நேரத்தில் சில நொடிகள் ஒளி மங்கியது. புதிய துணைக்கோள் என்று அவர்கள் முதலில் எழுதினார்கள்; அமெரிக்கக் குழு விமானத்திலிருந்து எடுத்த பதிவுகளோடு சேர்த்துப் பார்த்தபோது அது வளையம் என்றாயிற்று. கோளை வைத்து நேரம் அளந்த மரபில், இம்முறை நேரத்தை வைத்துக் கோளின் உறுப்பை அளந்தார்கள்.

இன்று தூத்துக்குடித் துறைமுகத்தில் மாலுமிகள் கையாளும் 7×50 பைனாகுலரே வியாழனின் நான்கு நிலாக்களைக் காட்டப் போதும். கையை எதிலாவது ஊன்றிக்கொள்ள வேண்டும், அவ்வளவே. சனியின் வளையத்துக்கு இருபத்தைந்து மடங்கு உருப்பெருக்கமாவது தேவை. யுரேனஸ் வெறும் புள்ளியாகத்தான் தெரியும். 2025-26 பருவத்தில் அது கார்த்திகை மீன்கூட்டத்துக்குத் தெற்கே நிற்கிறது. இவ்வூரில் ஏறக்குறைய உச்சிக்கே வரும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவ மேகம் மறைக்கும் என்பதால், தை பிறந்தபின் துறைமுக விளக்குகளுக்கு முதுகு காட்டி நின்று தேடுவது நல்லது.