அகவிலைக்குள் இருக்கும் நெல்



எங்கள் ஓய்வூதியர் குழுவில் அகவிலைப்படி பேச்சு வந்துவிட்டால் அன்றைக்கு வேறு பேச்சே கிடையாது. (நானும் அதில் ஒருத்திதான்.) நேற்று பழைய மாணவன் ஒருவன் போனில், "அகவிலைன்னா உள்ளே இருக்கிற விலையா டீச்சர்?" என்று கேட்டான்.

இல்லையப்பா. அஃகம் என்றால் தானியம். கொன்றை வேந்தனில் ஆய்த எழுத்துக்கு வரும் சொல். எல்லாரும் ஒப்பித்தீர்கள், பொருளை மறந்துவிட்டீர்கள்! தானியத்தின் விலைதான் அகவிலை. இரண்டாம் உலகப் போரில் உணவுப் பொருள் விலை ஏறியபோது, குறைந்த சம்பளக்காரர்களுக்கு ஆங்கில அரசு தர ஆரம்பித்த படி இது. பஞ்சப்படி என்றும் சொல்வோம்.

ஆங்கிலத்தில் விலை கூடினாலும் 'டியர்', பிரியமானவரும் 'டியர்'. அதிலிருந்து பிறந்த 'டெர்த்' என்ற பழைய சொல்லுக்குப் பஞ்சம் என்றே பொருள். பிரெஞ்சில் 'ஷேர்' என்பதும் இரண்டுக்கும் பொதுதான். நம் ஊர் சொல்தா வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். நம் 'அருமை'யும் கிட்டத்தட்ட அதே ஜாதி. அருமை மகளும் உண்டு, அருவிலையும் உண்டு.

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று சிரித்துக்கொண்டே சொல்வோம். கடைக்காரர் விலையைக் கூட்டினால் "ஆனை விலை குதிரை விலை சொல்றான்" என்போம். அந்த ஆனையையும் குதிரையையும் அறுத்துத் தின்ற காலம் ஒன்று நம் புதுச்சேரிக்கு இருந்தது.

1760. ஆங்கிலத் தளபதி அயர் கூட் நிலத்தில் வளைத்துக்கொண்டார், கடலில் அவர்கள் கப்பல்கள். உள்ளே பிரெஞ்சுத் தளபதி லாலி. ஆனை, குதிரை, ஒட்டகம் எல்லாம் தீர்ந்து, கடைசியில் நாய்க் கறிக்கு 24 ரூபாய் கொடுத்தார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அன்றைய ரூபாய்!

நவம்பர் கடைசியில், இருக்கிற தானியம் சிப்பாய்களுக்காவது மிஞ்சட்டும் என்று நம் ஜனங்கள் சுமார் 1400 பேரை லாலி வெளியே தள்ளினார். ஆணும் பெண்ணும் குழந்தைகளும். ஆங்கிலேயர் அவர்களைத் திருப்பி விரட்டினார்கள். கோட்டைக் கதவும் திறக்கவில்லை. மதிலுக்கும் எதிரிப் படைக்கும் நடுவே எட்டு நாள், புல்லின் வேரைத் தின்று கிடந்தார்கள். அதற்குப் பிறகே கூட் வழிவிட்டார். அவர்களில் ஒருவர் பெயரும் நமக்குக் கிடைக்கவில்லை.

1761 புத்தாண்டன்று அடித்த புயலில் ஆங்கிலக் கப்பல்கள் பல சேதமாயின. ஆனாலும் முற்றுகை விடவில்லை. நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை ஜனவரி 12-ல் காலமானார். 16-ல் ஊர் சரணடைந்தது.

நம் முதலியார்பேட்டையும் அந்த மதிலுக்கு வெளியேதான். கடலூர் சாலையில் நடக்கும்போது எனக்கு அந்த எட்டு நாள் ஞாபகம் வரும்.

விலையேற்றத்துக்கு உங்கள் வீட்டுப் பாட்டிமார் வேறு சொல், பழமொழி வைத்திருந்தால் எனக்கு எழுதி அனுப்புங்கள். நோட்டில் குறித்து வைக்கிறேன்.