திறந்த வெளியும் ஐம்பது கித்தான்களும்

திறந்த வெளியில் நின்று நிலக்காட்சி தீட்டும் முறை ஐரோப்பாவிற் பரவுதற்கு, 1841-இல் அமெரிக்கரான ஜான் ராண்ட் காப்புரிமை பெற்ற வெள்ளீய வண்ணக்குழாய் பெரிதும் துணைநின்றது. ஆயினும் கித்தானின் அளவு தடையாகவே இருந்தது. 1866-இல் ‘தோட்டத்து மகளிர்’ ஓவியத்தைத் தீட்டிய மோனே, எட்டடிக்கு மேற்பட்ட அதன் மேற்பகுதி கைக்கு எட்டும்பொருட்டு நிலத்திற் பள்ளம் வெட்டிக் கித்தானை அதனுள் இறக்கினார் என அறிகின்றோம்.

இங்கிலாந்தின் யார்க்‌ஷயரிற் பிறந்த டேவிட் ஹாக்னி இத்தடையை வேறு வழியிற் கடந்தார். 2007-இல் வார்ட்டர் என்னும் சிற்றூரின் அருகே அவர் தீட்டிய மரத்தொகுதி 15 அடி உயரமும் 40 அடி அகலமும் உடையது. அதனை எடுத்துச் செல்லத்தக்க 50 கித்தான்களாகப் பகுத்துக்கொண்டார். தளிர் தோன்றிவிடின் கிளைகளின் அமைப்பு மறைந்துவிடும்; எனவே விரைந்து தீட்டவேண்டியிருந்தது. முழுமையும் ஒருங்கே காண இயலாமையின், தீட்டிய பகுதிகளை ஒளிப்படமெடுத்துக் கணிப்பொறியில் இணைத்து நோக்கினார்.

பொறி புகுந்தமையின் இது வெளியோவியம் ஆகாதென்பாரும் உளர். யாம் அவ்வாறு கொள்ளோம். ஒளிப்படம் காட்டியது கித்தான்களையே. மரங்களைக் கண்டு தீட்டியவர் ஓவியரே. மோனேயின் பள்ளம் செய்த பணியையே ஈண்டுக் கணிப்பொறி செய்தது. 2011-இல் வோல்ட்கேட் சாலையின் இளவேனில் வரவை அவர் ஐபேடில் வரைந்தபோதோ, வண்ணக்குழாயும் வேண்டாதாயிற்று.