எலிப்பொறியும் மசால்வடையும்: வேகக் கேமரா பிறந்த கதை

காலை 6 மணி கான்வாய்க்கு நாலரைக்கே அந்தமானின் ஜிர்காடாங் செக்போஸ்ட்டில் வரிசை கட்டியாகிவிடும். வண்டி எண், ஆட்கள் பெயரெல்லாம் எழுதிக் கொடுத்துவிட்டு, கையில் டீயும் வடையுமாக கேட் திறக்கக் காத்திருப்போம். முன்னால் ஒரு போலீஸ் வண்டி, பின்னால் ஒன்று. ஜராவா பழங்குடிகளின் காட்டுக்குள் போகும் அந்த ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைந்த தூரத்தில் மணிக்கு 40-ஐத் தாண்டக் கூடாது, முந்தக் கூடாது, நிறுத்தக் கூடாது. படம் எடுத்தால் வழக்கு.

வேகம் பிடிக்கும் கேமராவின் கதையை, கேமராவே ஆகாத சாலையில் தொடங்குகிறேன். காரணம் இருக்கிறது. 6 மணிக்கு இந்த கேட்டைத் தாண்டியவன் 7 மணிக்கே மறுமுனையான மிடில் ஸ்ட்ரெயிட் கரையில் போய் நின்றால், வழியில் 40-ஐத் தாண்டினான் என்று சொல்ல ரேடாரா வேண்டும்? கடிகாரம் போதும். இரண்டு கோடுகள், நடுவே எவ்வளவு நேரம். வேகக் கேமராவும் இதே கணக்கில்தான் பிறந்தது.

கிரேட் நிகோபாரின் இந்திரா முனையிலிருந்து சுமத்ரா 150 கிலோமீட்டர்தான். அதையும் தாண்டினால் ஜாவா. அங்கே கோம்போங் என்ற ஊரில் 1911-இல் பிறந்தவர்தான் அதைச் செய்த மௌரிட்ஸ் காட்சோனிடெஸ். டச்சுக்காரர், வேகப் பைத்தியம். 1953-இல் ஃபோர்டு செஃபிர் காரில் மான்டி கார்லோ ராலியை ஜெயித்தவர். அதற்கு முன்பு சொந்தமாகக் கார் கட்டி விற்கப் பார்த்து, கையைச் சுட்டுக்கொண்டதும் உண்டு.

பந்தயக்காரனுக்கு வளைவுதான் பரீட்சை. எந்த வேகத்தில் நுழைந்தோம், எந்த வேகத்தில் வெளியே வந்தோம் என்று தெரிந்தால்தான் அடுத்த முறை இன்னும் கொஞ்சம் மிதிக்கலாம். ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது ஸ்பீடாமீட்டரைப் பார்க்க முடியுமா? எனவே சாலையின் குறுக்கே, அளந்த தூரத்தில், இரண்டு ரப்பர் குழாய்களைப் போட்டார். முதல் குழாயில் டயர் ஏறியதும் உள்ளே நசுங்கும் காற்று ஸ்டாப்வாட்சை ஓடவிடும்; இரண்டாவதில் ஏறியதும் நிறுத்தும். தூரத்தை நேரத்தால் வகுத்தால் வேகம். ஐந்தாம் வகுப்புக் கணக்கு. இன்னும் வேகமாக ஓட்டத்தான் செய்தார். வாங்கியது போலீஸ். 1958-இல் காட்சோமீட்டர் என்று கம்பெனியே தொடங்கினார். குழாயோடு கேமரா சேர்ந்தது, 1971-இல் ரேடார் வந்தது. பின்னாளில் தன் கருவியிலேயே மாட்டி அபராதமும் கட்டினார். வேகத்தின் மேல் இருந்த ஆசை மட்டும் போகவில்லை.

இங்கிலாந்தில் 1991-இல் கேமரா சாட்சியத்துக்குச் சட்டம் வழிவிட்டது. மறு ஆண்டு லண்டனின் ட்விக்கன்ஹாம் பாலத்தில் காட்சோவின் பெட்டி ஏறியது. வண்டி தாண்டிப் போனபின், முதுகில் அரை வினாடி இடைவெளியில் இரண்டு படம். சாலையில் வரைந்த வெள்ளைக் கோடுகளை எண்ணினால், அந்த அரை வினாடியில் வண்டி எவ்வளவு தூரம் போயிற்று என்பது தெரிந்துவிடும். ரேடார் பொய் சொன்னதா என்று சரிபார்க்க அதே பழைய கணக்கு. உள்ளே ஃபிலிம் சுருள். தீர்ந்தால் ஆள் போய் மாற்ற வேண்டும். பல பெட்டிகளில் கேமராவே இருக்காது. இருக்கிற சிலவற்றை மாற்றி மாற்றி வைப்பார்கள். எலிப்பொறி உண்டு, மசால்வடை இல்லை. எலிக்கு அது தெரியாதவரை சரி.

கேமராக் கம்பெனிகளின் போட்டி இங்கேதான் சூடு பிடித்தது. முன்பக்கமிருந்து எடுத்தால் ஃப்ளாஷ் கண்ணைக் கூசச் செய்யும் என்பதால் காட்சோ பின்பக்கம் எடுத்தது. பின்பக்கப் படத்தில் முகம் கிடையாது. வண்டி என்னுடையதுதான், ஓட்டியது மச்சான் என்று ஒருவன் சொன்னால்? தென்னாப்பிரிக்காவின் ட்ரூவெலோ, கண் கூசாதபடி ஃப்ளாஷுக்குச் சிவப்பு வடிகட்டி போட்டு, முன்பக்கமிருந்து முகத்தோடு எடுத்தது. 1999 வாக்கில் வந்த ஸ்பெக்ஸ், இரண்டு கம்பங்களில் எண் பலகையைப் படித்து நடுவே ஆன நேரத்தைக் கணக்கிட்டது. நம்ம ஜிர்காடாங்–மிடில் ஸ்ட்ரெயிட் கணக்கேதான். பிறகு பெரிய மீன் சின்ன மீனை விழுங்கியது. ஸ்பெக்ஸ் கம்பெனியை 2014-இல் ஜெர்மனியின் யெனாப்டிக்கும், காட்சோவை 2015-இல் ஸ்வீடனின் சென்சிஸும் வாங்கின.

இந்த வியாபாரத்தில் கருவியை விட ஒப்பந்தம்தான் வழுக்கும். ஆஸ்திரேலியாவின் ரெட்ஃப்ளெக்ஸ், சிகாகோவில் சிக்னல் கேமரா வேலையைப் பிடிக்க நகராட்சி அதிகாரி ஒருவருக்குக் கேமராவுக்கு இவ்வளவு என்று லஞ்சம் கொடுத்தது வெளியே வந்தது. 2016-இல் அவருக்குப் பத்தாண்டுச் சிறை. கம்பெனி மறு ஆண்டு நகரத்துக்கு 2 கோடி டாலர் கொடுத்து வழக்கை முடித்தது.

நம் நாட்டிலேயே கேரளத்தைப் பாருங்கள். 232 கோடி ரூபாய், 726 கேமரா. 2023 ஏப்ரலில் தொடங்கி வைத்தார்கள், ஜூன் 5 முதல் அபராதம். அரசுக் கம்பெனியான கெல்ட்ரான் எடுத்த வேலை பெங்களூரின் எஸ்.ஆர்.ஐ.டி.க்குப் போய், அங்கிருந்து இன்னும் சிலரிடம் கைமாறியது. டெண்டருக்கு வந்தவர்களே ஒருவருக்கொருவர் வேண்டியவர்கள் என்று எதிர்க்கட்சி நீதிமன்றம் போயிற்று. 2025-இல் கேரள உயர் நீதிமன்றம் மனுவைத் தள்ளுபடி செய்தது. எனக்கு உறைத்தது வேறொன்று. அந்த 726-இல் பெரும்பாலானவை ஹெல்மெட்டும் சீட் பெல்ட்டும் பார்ப்பவை. வேகம் பார்ப்பவை எட்டே எட்டு.

கேமராக் கண்காணிப்புக்காக 2019-இல் நாட்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் 136ஏ பிரிவைச் சேர்த்தார்கள். 2021-இல் 167ஏ விதி வந்தது. கேமரா இருக்கும் சாலையில் எச்சரிக்கைப் பலகை வேண்டும், நோட்டீஸ் 15 நாளுக்குள் வர வேண்டும், கருவிக்கு ஆண்டுதோறும் புதுப்பித்த சான்றிதழ் வேண்டும். கம்பெனிக்காரன் இன்று விற்பதில் பாதி அந்தச் சான்றிதழ்தான்.

ஜிர்காடாங்கில் முன்னே போகும் போலீஸ் வண்டியின் ஸ்பீடாமீட்டருக்குச் சான்றிதழ் இருக்கிறதா என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. அது 40-இல் போனால் பின்னால் வரும் அத்தனை வண்டியும் 40-இல்தான் போயாக வேண்டும். அது 35-க்கு இறங்கினால் ஹாரன் கூட அடிக்க முடியாது.