கரிமப் புள்ளிகளை விற்குமுன் ஒரு நாடு போட வேண்டிய கணக்கு

ஒரு நாடு குறைக்கும் ஒரு டன் கரியமில வாயுவைக் 'கரிமப் புள்ளி'யாக மற்றொரு நாட்டிற்கு விற்கலாம். 2015ஆம் ஆண்டின் பாரிஸ் ஒப்பந்தத்தின் 6ஆம் பிரிவு இதற்கு வழிவகுக்கிறது.

வாங்கும் நாடுகளில் ஒன்று சிங்கப்பூர். சூரியத் தகடுகளுக்கு இங்கே நிலம் போதாது. காற்றின் வேகமும் குறைவு. 2019இல் டன்னுக்கு 5 வெள்ளியாகத் தொடங்கிய கரிம வரி 2024இல் 25 வெள்ளியானது. 2026இல் அது 45 வெள்ளி. வரிக்குட்பட்ட வெளியேற்றத்தில் 5 விழுக்காடு வரை நிறுவனங்கள் வெளிநாட்டுப் புள்ளிகளால் ஈடுகட்டலாம். இதற்காகப் பாப்புவா நியூ கினி, கானா, பூட்டான் உள்ளிட்ட நாடுகளுடன் சிங்கப்பூர் உடன்பாடு செய்துள்ளது.

விற்கும் நாடுதான் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். விற்ற டன்னை அது தன் வெளியேற்றக் கணக்கில் மீண்டும் கூட்டிக்கொள்ள வேண்டும். ஒரே குறைப்பை இரு நாடுகள் உரிமை கொண்டாடாமல் இருக்கவே இந்த விதி. குறைந்த செலவில் முடியும் வேலைகளை எல்லாம் விற்றுவிட்டால், சொந்த இலக்கை எட்டச் செலவு மிகுந்த வேலைகளே மிஞ்சும்.

ஆகவே, எதை விற்பது, எதை வைத்துக்கொள்வது, அனுமதி தருவது எந்த அமைச்சு, பதிவேட்டை யார் பராமரிப்பது என்பவற்றை முன்பே முடிவு செய்வது அவசியம். காடு சார்ந்த திட்டமென்றால், அங்கு வாழும் மக்களின் சம்மதமும் வருவாயில் அவர்களின் பங்கும் அந்தத் திட்டமிடலில் இடம்பெற வேண்டும்.