ஷார்ட் லெக்கில் ஒருவர்: 1971 ஓவல் ஸ்கோர் அட்டையின் மறுவாசிப்பு

1971 ஆகஸ்ட் 23 அன்று ஓவல் மைதானத்தில் இங்கிலாந்து தன் இரண்டாவது இன்னிங்ஸில் 101 ஓட்டங்களுக்குச் சுருண்டதைப் பற்றி எழுதியவர்களில் பெரும்பாலோர் அதை ஒரு தனி மனிதரின் சாதனையாகவே கண்டிருக்கிறார்கள். பி. எஸ். சந்திரசேகர் 18.1 ஓவர் வீசி 38 ஓட்டங்களுக்கு 6 விக்கெட் எடுத்தார். இங்கிலாந்து மண்ணில் இந்தியாவின் முதல் டெஸ்ட் வெற்றி அந்தக் கையிலிருந்து பிறந்தது என்பது இந்த வழி வாசிப்பின் சாரம். இதன் கிளையாகவே இன்னொரு கருத்தும் நிலைத்திருக்கிறது: ஏக்நாத் சோல்கர் டெஸ்ட் ஆட்டங்களில் பிடித்த 53 கேட்சுகள் அக்கால இந்தியச் சுழற்பந்து வீச்சாளர்கள் நால்வரின் உபவிளைவு, மட்டையாளருக்கு மிக அருகே ஷார்ட் லெக்கில் துணிச்சலுள்ள எவர் நின்றிருந்தாலும் அவை அவர் கைக்கு வந்திருக்கும் என்பது. இரண்டுமே பிழையான வாசிப்புகள் என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு. இதற்கு நான் எடுத்துக்கொள்ளும் சான்று எல்லோரும் பார்த்த அதே ஸ்கோர் அட்டைதான். புதையுண்டு கிடந்த ஆவணம் எதையும் தோண்டி எடுக்கவில்லை.

அந்த அட்டையின் அடிப்பகுதியில் பந்துவீச்சுக் கணக்கு இருக்கிறது. வாசகரின் கண் முதலில் போவது அங்கேதான். 38-க்கு 6 என்ற எண்ணைப் பார்த்தபின் மேலே உள்ள பத்து வரிகளை யாரும் நிதானமாகப் படிப்பதில்லை. விக்கெட்டுகள் விழுந்த வரிசையை அந்தப் பத்து வரிகளோடு பொருத்திப் படித்தால் வேறொரு இன்னிங்ஸ் தெரிகிறது.

23 ஓட்டங்களில் ஜேம்சன் ரன் அவுட். 24-இல் எட்ரிச், சந்திரசேகர் பந்தில் போல்டு. ஓட்டம் ஏறாமல் அதே 24-இல் ஃப்ளெட்சர், சோல்கரிடம் கேட்ச், பந்துவீச்சாளர் சந்திரசேகர். உணவு இடைவேளைக்கு இங்கிலாந்து 3 விக்கெட்டுக்கு 24. இதுவரை பழைய வாசிப்போடு எனக்குச் சண்டை அதிகமில்லை. ஆனால் நான்காவது விக்கெட்டும் ஐந்தாவது விக்கெட்டும் சந்திரசேகருடையவை அல்ல. 49-இல் டொலிவேரா 17 ஓட்டங்களுடன், 54-இல் நாட் ஒரே ஓட்டத்துடன் வெளியேறினார்கள். இருவரும் வெங்கட்ராகவன் பந்தில் கேட்ச் கொடுத்தவர்கள். டொலிவேராவைப் பிடித்தவர் மாற்று வீரராகக் களமிறங்கிய ஜெயந்திலால். நாட்டைப் பிடித்தவர் சோல்கர். இங்கிலாந்து 71 ஓட்டங்கள் முன்னிலை வைத்திருந்த ஆட்டம் இது. மூன்று விக்கெட் போன பிறகும் டொலிவேராவும் நாட்டும் சேர்ந்து ஒரு மணி நேரம் நின்றிருந்தால் கணக்கு மாறியிருக்கும். அந்த நடுத்தண்டை முறித்தவர்கள் சென்னையின் ஒரு ஆஃப் ஸ்பின்னரும், கேட்ச் பிடித்த இரண்டு பேரும். சந்திரசேகரின் மீதி நான்கு விக்கெட்டுகள் 65, 72, 72, 101 என்ற நிலைகளில் வந்தன. அவற்றுள் 33 ஓட்டங்கள் எடுத்த லக்ஹர்ஸ்டின் விக்கெட் பெரியது. அந்தக் கேட்சும் வெங்கட்ராகவன் பிடித்ததே.

பந்துவீச்சுக் கணக்குக்குக் காலவரிசை கிடையாது. ஆறு விக்கெட்டும் ஒரே எண்ணாகச் சுருங்கும்போது, எந்த விக்கெட் எப்போது விழுந்தது, எதற்குப் பிறகு விழுந்தது என்ற செய்தி மறைந்துவிடுகிறது. ஒற்றை நாயகன் வாசிப்பு பிறந்தது இந்த மறைவிலிருந்து என்பது என் கணிப்பு.

இங்கே ஒரு தடையை நேராகச் சொல்லிவிட வேண்டும். சந்திரசேகரின் ஆறில் நான்கு விக்கெட்டுகளுக்கு வேறு எவருடைய கையும் தேவைப்படவில்லை. எட்ரிச் போல்டு, பிரைஸ் எல்பிடபிள்யூ, இல்லிங்வொர்த்தும் ஸ்நோவும் பந்துவீச்சாளரிடமே கேட்ச். போதாததற்கு, அட்டையில் வெறும் ரன் அவுட் என்று நிற்கும் ஜேம்சனின் விக்கெட்டும் அவர் கைபட்டதே. லக்ஹர்ஸ்ட் நேராக அடித்த பந்து சந்திரசேகரின் கையில் உரசி எதிர்முனை ஸ்டம்பில் பட்டபோது ஜேம்சன் கிரீஸுக்கு வெளியே இருந்தார். ஆகவே பத்தில் ஏழில் சந்திரசேகருக்குப் பங்கு உண்டு. அட்டை அவரையும் சற்றே குறைத்துத்தான் காட்டுகிறது. இதை மறைத்து சோல்கருக்காக வாதாடுவது நேர்மையாகாது.

ஆனால் இந்த நான்கு விக்கெட்டுகளைக் கொண்டு ஷார்ட் லெக்குக்கு அங்கே வேலையில்லை என்று முடிவு கட்ட முடியுமா? சந்திரசேகரின் கூக்ளியும் டாப் ஸ்பின்னும் வந்த வேகத்தில், அவரை ஆட மட்டையாளருக்குப் பத்திரமான வழி முன்காலை நீட்டி, மட்டையையும் பேடையும் ஒட்டவைத்துப் பந்தைச் சாகடிப்பது. ஃபார்வர்ட் ஷார்ட் லெக்கில் ஒருவர் நிற்கும்போது அந்த வழி அடைபடுகிறது. மட்டையின் உள்விளிம்பில் பட்டுப் பேடில் மோதிக் குதிக்கும் பந்து நேரே அவர் முகத்துக்கு முன்னால்தான் எழும்பும். மட்டையாளருக்கு இரண்டே வழிகள் மீதம்: பின்காலில் போய்த் திரும்பும் பந்தைத் தாமதமாக ஆடுவது, அல்லது கைகளை நீட்டிப் பந்தைத் தள்ளுவது. முதல் வழி எல்பிடபிள்யூவுக்கும் போல்டுக்கும் இட்டுச் செல்லக்கூடியது. இரண்டாவது, பந்துவீச்சாளரிடமே திரும்பிப் போகும் கேட்சுக்கு. இல்லிங்வொர்த்தும் ஸ்நோவும் இப்படித்தான் வீழ்ந்தார்கள் என்று நிறுவ எனக்கு ஆதாரமில்லை. அப்படிச் சொல்லவும் மாட்டேன். ஷார்ட் லெக்கின் விளைவு, அங்கே நிற்பவரின் பெயர் வராத வரிகளிலும் இருக்கக்கூடும் என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறேன். அந்த அளவே என் வாதத்துக்குப் போதும்.

நாட்டின் விக்கெட்டைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். இதற்கு ஒளிப்படச் சான்று இருக்கிறது. சோல்கர் முழு நீளத்துக்கு முன்னால் பாய்ந்து, உடம்பு தரையைத் தொடும் வேளையில் பந்தைக் கைக்குள் வைத்திருக்கிறார். இடப்பக்கமோ வலப்பக்கமோ பாய்வது ஒன்று. மட்டை சுழலும் இடத்தை நோக்கியே தலையைக் கொடுத்துப் பாய்வது வேறொன்று. டெஸ்ட் ஆட்டங்களில் ஹெல்மெட் புழக்கத்துக்கு வராத காலம் அது. பந்து மட்டையில் பட்ட பிறகு நகர்ந்தால் இந்தக் கேட்ச் கிடைக்காது. மட்டையாளரின் காலும் மணிக்கட்டும் எங்கே போகின்றன என்று பார்த்து, பந்து படுவதற்கு முன்பே உடம்பு முன்னே சாயத் தொடங்கியிருக்க வேண்டும். அதனால் இதைத் துணிச்சல் என்று மட்டும் புகழ்வது இந்த வேலையைச் சரியாக அறியாத புகழ்ச்சி. துணிச்சலோடு மட்டையாளரைப் படிக்கும் திறனும் அதில் உண்டு.

நாட் முதல் இன்னிங்ஸில் 90 ஓட்டங்கள் எடுத்தவர். அந்த இன்னிங்ஸில் இங்கிலாந்தின் மிக உயர்ந்த எண்ணிக்கை அது. அப்போது அவரை வீழ்த்தியது யார்? அதுவும் சோல்கரே, தன் பந்தில் தானே கேட்ச் பிடித்து. ஆக ஒரே ஆட்டத்தில் ஒரே மட்டையாளரை, முதலில் பந்துவீச்சாளராகவும் பிறகு ஷார்ட் லெக் காவலராகவும் அவர் வெளியேற்றியிருக்கிறார். முதலாவது அவருடைய பந்துவீச்சுக் கணக்கில் ஏறியது. இரண்டாவது வெங்கட்ராகவன் கணக்கில் ஏறியது. ஓவல் வெற்றி பற்றிய எழுத்தில் இந்த இரண்டு வரிகளையும் சேர்த்துப் படித்தவர்களை நான் இதுவரை சந்திக்கவில்லை. நாட் 90-இலிருந்து 1-க்கு இறங்கியதுதான் இந்த ஆட்டத்தின் திருப்பம் என்பது என் உறுதியான கருத்து.

அந்த ஆட்டத்தில் சோல்கரின் மீதிப் பங்கையும் அதே அட்டை சொல்கிறது. முதல் இன்னிங்ஸில் 28 ஓட்டங்களுக்கு 3 விக்கெட். இந்தியா 125-க்கு 5 என்று தடுமாறியபோது ஃபரூக் எஞ்சினியரோடு சேர்ந்து 97 ஓட்டங்கள். அதில் அவருடையது 44. இரண்டாவது இன்னிங்ஸில் புதுப்பந்தோடு மூன்று ஓவர், 10 ஓட்டம், விக்கெட் இல்லை. அவரும் அபித் அலியும் ஆளுக்கு மூன்று ஓவர் வீசியதும் பந்து சுழற்பந்து வீச்சாளர்களிடம் போயிற்று. அந்த ஆறு ஓவரின் பயன் விக்கெட் அல்ல, பந்தின் பளபளப்பைக் குறைத்துச் சுழலுக்குத் தோதாக்குவது. அதற்கு அட்டையில் கட்டம் கிடையாது.

அவர் ஆட்ட வாழ்வு முழுவதையும் எண்களால் மட்டும் எடைபோட்டால் ஒரு புதிர் எழுகிறது. 1969 முதல் 1977 வரை 27 டெஸ்ட். 1068 ஓட்டங்கள், சராசரி 25.42, 18 விக்கெட், சராசரி 59.44. இந்த எண்களோடு ஒருவர் 27 டெஸ்டில் இடம்பெற முடியாது. பட்டோடி, வாடேகர், பேடி என்று இயல்பிலும் ஆட்டமுறையிலும் வேறுபட்ட தலைவர்கள் மூவரும் அவரைக் களமிறக்கியிருக்கிறார்கள். மட்டையும் பந்தும் தராத விடையை 53 கேட்சுகளே தருகின்றன. ஒரு டெஸ்டுக்கு ஏறத்தாழ இரண்டு. ஸ்லிப்பில் தலைசிறந்தவராகக் கருதப்பட்ட பாப் சிம்சன் 62 டெஸ்டில் 110 பிடித்தார். அணித் தேர்வையே ஒரு சான்றாகப் படிக்கலாம் என்பது இதன் உட்பொருள்: கணக்கு சொல்லாததைத் தலைவர்களின் தொடர்ந்த முடிவு சொல்கிறது.

நால்வர் இல்லாவிட்டால் இந்தக் கேட்சுகள் ஏது என்ற கேள்வி சரியானதே. ஆனால் அது இருபுறமும் வெட்டும். கேட்ச் பிடிக்க ஆளில்லாமல் சுழற்பந்து வீச்சாளர் மட்டும் என்ன செய்திருப்பார் என்றும் அதே மூச்சில் கேட்க வேண்டும். எவர் நின்றாலும் பிடித்திருப்பார் என்ற வாதத்துக்கு நீண்ட பதில் தேவையில்லை. அப்படிப் பிடித்த வேறொருவரைக் காட்டும் பொறுப்பு அதைச் சொல்பவர்களுடையது.

இன்னொரு தடை இதைவிடக் கனமானது. ஸ்கோர் அட்டை விட்ட கேட்சுகளைச் சொல்வதில்லை. 53 என்பது பிடித்தவை. தவறியவை எத்தனை என்று தெரியாமல் ஒருவரின் கைத்திறனுக்கு விகிதம் போட முடியாது. பிடித்த இடத்தையும் அட்டை குறிப்பதில்லை. சோல்கரிடம் கேட்ச் என்ற வரி ஷார்ட் லெக்கையும் குறிக்கலாம், வேறு இடத்தையும் குறிக்கலாம். அதனால்தான் இந்தக் கட்டுரையின் எடையை மொத்த எண்ணிக்கையின்மேல் வைக்காமல், இடமும் விதமும் தெரிந்த ஒரு கேட்சின்மேல் வைத்தேன். இந்தக் குறை என் முடிவைத் தளர்த்துகிறது என்று வாதிடுவோர், அதே குறை பழைய முடிவையும் தளர்த்துவதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஜெயந்திலாலைப் பற்றி ஒரு சொல். டொலிவேராவைப் பிடித்த அவர், அதற்குச் சில மாதங்களுக்கு முன் கிங்ஸ்டனில் ஒரே ஒரு டெஸ்ட் ஆடி 5 ஓட்டங்கள் எடுத்திருந்தார். பிறகு இந்தியாவுக்காக டெஸ்ட் ஆடவேயில்லை. மாற்று வீரரின் கேட்சைப் பெயரில்லாமல் வெறும் மாற்று என்று எழுதுவதே அக்கால வழக்கம். அடைப்புக்குறிக்குள் பெயர் போடும் பழக்கம் பின்னால் வந்தது. அந்த வெற்றியில் அவருக்கு உண்மையான பங்கு இருந்தும், அவருடைய டெஸ்ட் கணக்கில் அந்தக் கேட்ச் சேரவில்லை. ஓர் ஆட்டத்தின் வரலாற்றை அட்டையை மட்டும் வைத்து எழுதுவோர் இப்படிப்பட்டவரை எங்கே கண்டுபிடிப்பார்கள்?

பம்பாய் இந்து ஜிம்கானா மைதானப் பராமரிப்பாளரின் மகனாகப் பிறந்த சோல்கர் 2005-இல் மறைந்தார். அவரோடு நெருங்கி நின்று ஆடியவர்களும் குறைந்துகொண்டே வருகிறார்கள். பந்துக்குப் பந்து குறிக்கும் ஸ்கோர் புத்தகங்களும் வானொலி வர்ணனைப் பதிவுகளும் செய்தித்தாள் ஒளிப்படங்களும், அட்டை சொல்லாத களத்தடுப்பு இடங்களை ஓரளவு மீட்டுத் தரக்கூடியவை. மாநிலக் கிரிக்கெட் சங்கங்களிடமும் பழைய ஸ்கோரர்களின் வீடுகளிலும் அவற்றில் எஞ்சியிருப்பவற்றை, பழந்தாளாக எடைக்குப் போவதற்கு முன் படியெடுக்க வேண்டும். அப்படிப் படியெடுக்கும்போது, கேட்ச் பிடித்தவரின் பெயருக்கு எதிரே அவர் நின்ற இடத்துக்கென்று ஒரு கட்டம் சேர்க்குமாறு இத்துறையில் உள்ள நண்பர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.