சுழலும் வட்டு சொன்ன கணக்கு

மின்சாரத்தை விற்கப் புறப்பட்டவர்களுக்கு அதை அளப்பதே பெரும்பாடாக இருந்தது. 1882-இல் நியூயார்க்கின் பேர்ல் தெருவில் மின்நிலையம் தொடங்கிய எடிசன், வாடிக்கையாளர் இடங்களில் துத்தநாக சல்பேட் கரைசலும் இரு துத்தநாகத் தகடுகளும் கொண்ட குடுவையை வைத்தார். மின்னோட்டத்தின் சிறுபங்கு அதன் வழியே போனது. ஒரு தகடு கரைய, மற்றதில் துத்தநாகம் படிந்தது. ஆள் வந்து தகட்டைக் கழற்றிப்போய் நிறுத்துப் பார்த்த பிறகுதான் பில். வீட்டுக்காரர் தம் கணக்கைத் தாமே பார்க்க வழியில்லை.

அந்த வழியைத் திறந்தது அலுமினிய வட்டு. சுழல் காந்தப் புலத்தை 1885-இல் இத்தாலியின் கலீலியோ ஃபெராரிஸ் காட்டினார். அந்தத் தத்துவத்தில் 1889-இல் ஹங்கேரியின் ஓட்டோ பிளாத்தி வீட்டு மீட்டரை உருவாக்கினார்.

தமிழ்நாட்டில் பைக்காரா நீர்மின் நிலையம் 1932-இலும் மேட்டூர் நிலையம் 1937-இலும் மின்சாரம் தரத் தொடங்கின. 1965 வரை சேலம் மாவட்டத்தோடு இருந்த, இன்றைய தருமபுரி மாவட்டத்து நல்லம்பள்ளிப் பகுதிக்கு மேட்டூர் அக்கம்பக்கம்தான். 1957-இல் மின்வாரியம் அமைந்தபின் கரண்ட் ஊர் ஊராகப் பரவியது. கூடவே மீட்டரும் சுவரேறியது.

அந்தக் கறுப்புப் பெட்டிக்குள் இரண்டு கம்பிச்சுருள்கள் உண்டு. மெல்லிய கம்பியில் பல சுற்றுகள் கொண்டது மின்னழுத்தத்தையும், தடித்த கம்பியில் சில சுற்றுகள் கொண்டது மின்னோட்டத்தையும் உணரும். இரண்டும் சேர்ந்து வட்டை உந்தும். எதிரே ஒரு நிலைக்காந்தம் அதை இழுத்துப் பிடிக்கும். அந்தப் பிடி இல்லாவிட்டால் வட்டின் வேகம் மின்செலவுக்கு ஏற்ப அமையாது. வட்டிலுள்ள இரண்டு சிறு துளைகளுக்கும் வேலை உண்டு: எந்த விளக்கும் எரியாதபோது வட்டு தானாக ஊர்ந்து யூனிட் ஏற்றாமல் அவை நிறுத்திவைக்கும். ஏழை வீட்டுப் பில்லைக் காத்த நுட்பம் அது.

பெட்டியின் முகப்பில் யூனிட்டுக்கு 600 சுற்று என்று எழுதியிருந்தால், 100 வாட் பல்பு ஒன்று மட்டும் எரியும்போது வட்டு நிமிடத்துக்கு ஒரு சுற்று வரும். வட்டின் விளிம்பிலுள்ள நிற அடையாளத்தைப் பார்த்து, கடிகாரத்தோடு எவரும் சரிபார்க்கலாம். ரீடிங் எடுப்பவர் வெள்ளை அட்டையில் எழுதிப்போன எண்ணுக்கு இப்படி ஒரு கண்கண்ட சாட்சி இருந்தது.

ஆண்டுகள் போகப்போகத் தாங்கிகள் தேய்ந்து வட்டு மெதுவாகும் என்பது உண்மைதான். 2006-ஆம் ஆண்டு மத்திய மின்சார ஆணைய விதிகள் மின்னணு மீட்டரைக் கட்டாயமாக்கின. கழற்றிய பழைய மீட்டர்களில் ஒன்றையேனும் மின்வாரியம் நல்லம்பள்ளி வட்டாரப் பள்ளி ஒன்றின் இயற்பியல் கூடத்துக்குத் தர வேண்டும். மாணவர்கள் அதைத் திறந்து பார்க்க வேண்டும்.